வேப்பந் தீராந்தியில் மின்கிற்றார்: மரமும் சங்குப் பதிப்பும்

ஆறுதந்தி எழுதியது:
அம்மம்மாவின் நாற்சார் வீட்டைத் திருத்தியபோது கழற்றிய வேப்பந் தீராந்தி ஒன்று, அறுபது வருடங்களுக்கு மேல் கூரையின் கீழ் காய்ந்து வைரமேறிய நிலையில் என்னிடம் இருக்கிறது. மின்கிற்றாரின் உடலையும் கழுத்தையும் அதிலேயே செதுக்கி, பழைய அலுமாரியிலிருந்து எடுத்த கருங்காலிப் பலகையை விரற்பலகையாக ஒட்டி, 12ஆம் கட்டத்தில் 40 மில்லிமீற்றர் நீளமான வேல் ஒன்றை நம் கடற்சங்கில் பதித்து, மேலே வார்னிஷ் பூச எண்ணியுள்ளேன். வேம்பும் மஹோகனியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் ஒலியும் அவ்வாறே கனிந்து வரும் என்று நம்புகிறேன்.

தச்சன்தோப்பு எழுதியது:
தம்பி, உறவுமுறை பார்த்து மரம் எடுக்க வேண்டாம். மின்கிற்றாரின் ஒலியை எடுக்கும் காந்தச் சுருளான பிக்கப் உணர்வது தன் காந்தப்புலத்தில் அசையும் உலோகத் தந்தியைத்தான். அமெரிக்கக் கிற்றார் கலைஞர் லெஸ் போல் 1940 அளவில் நான்கு அங்குலப் பைன் கட்டை ஒன்றில் கழுத்தையும் பிக்கப்பையும் பூட்டி வாசித்துக் காட்டியிருக்கிறார். வேம்பில் நான் காணும் குறை பாரம். திண்ம உடலின் கனவளவு ஏறத்தாழ 4 லீற்றர். வேம்பு லீற்றருக்கு 700 கிராமளவு நிறுக்கும் என்றால் உடல் மட்டுமே 2.8 கிலோ. கழுத்துக்கோ அது அறவே வேண்டாம்: வேம்பின் நார் முறுகிப் பின்னி ஓடுவதால், மெல்லியதாகச் சீவும்போது நார் இடையிடையே அறுபட்டு, மாரிக்கொரு பக்கமும் சோளகத்துக்கொரு பக்கமும் வளையும்.

ஆறுதந்தி எழுதியது:
அண்ணா, உடலில் பள்ளங்கள் குடைந்து பாரத்தைக் குறைக்கலாம். மரத்துக்கு ஒலியில் பங்கே இல்லை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். கழுத்து விறைப்பாக இருந்தால் தந்தியின் அதிர்வு நீடிக்கிறது. அந்த விறைப்பைத் தருவதும் மரம்தானே?

தச்சன்தோப்பு எழுதியது:
அதைத்தான் நானும் சொல்கிறேன். விறைப்பு வேண்டுமென்றால் நேர்நார் ஓடும் பலகையை மரக்காலையில் பார்த்து எடுங்கள், அதற்குள் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பியான ட்ரஸ் றொட் வையுங்கள்.

நாவற்குழி எழுதியது:
பதிப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. வங்காளத்துக்கு வளையலுக்காகக் கப்பலேறிய நம் சங்கை விரற்பலகையில் காண எனக்கும் ஆசைதான். ஆனால் சங்கின் சுவர் வளைந்தது. 40 மில்லிமீற்றர் தட்டையான துண்டை ஒரே சங்கில் அறுப்பது கடினம், மூன்று துண்டுகளாக இணைக்க வேண்டும். அதைவிட முக்கியமானது கணக்கு. விரற்பலகைக்கு 12 அங்குல ஆரம் கொடுத்தால், நடுவிலிருந்து 20 மில்லிமீற்றர் தள்ளிய ஓரம் 0.66 மில்லிமீற்றர் தாழும். குறுக்கே கிடத்தும் வேலை 1.5 மில்லிமீற்றர் தடிப்பில் தட்டையாகப் பதித்துப் பிறகு வளைவு தேய்த்தால், நுனிகளில் 0.84 மில்லிமீற்றர்தான் மிஞ்சும். பிறகு ஃபிறெட்டுகளை (கட்டங்களைப் பிரிக்கும் உலோகக் கம்பிகளை) மாற்றும்போது பலகையை மீண்டும் தேய்க்க நேர்ந்தால் வேலின் கூர் கரைந்துவிடும். ஆகவே 2 மில்லிமீற்றருக்குக் குறையாமல் அறுங்கள். அறுக்கும்போது நீரால் நனைத்துக்கொண்டே இருங்கள், முகமூடியைக் கழற்றாதீர்கள். சங்குத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

ஒட்டுவதற்கு எபொக்சிப் பசையில் கருங்காலித் தூளைக் குழையுங்கள். இடுக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் மறையும். காய்ந்தபின் சாண்ட் பேப்பரை விரலால் அழுத்தித் தேய்க்காதீர்கள். மரம் மெத்தென்று தேய, சங்கு மேடாக நிற்கும், விரல் ஓடும்போது தட்டும். விரற்பலகையின் ஆரத்துக்கேற்ற வளைவுக் கட்டையில் சாண்ட் பேப்பரைச் சுற்றி, 180ஆம் இலக்கத் தாளில் தொடங்கி 600 வரை போங்கள். வார்னிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம். கருங்காலிக்கு மெல்லிய எண்ணெய்த் துடைப்பு போதும்.

ஆறுதந்தி எழுதியது:
வார்னிஷ் இல்லாமல் சங்கு மங்கலாகத் தெரியாதா, ஐயா?

நாவற்குழி எழுதியது:
தெரியாது. 2000 வரை ஈரத்தில் தேய்த்தால் சங்கு தானாகவே மினுங்கும். பூச்சு ஃபிறெட் ஓரங்களில் தந்தி உரசி உரசி உரியும்போதுதான் வேல் அழுக்காகத் தெரியும்.

ஆறுதந்தி எழுதியது:
கழுத்துக்கு மஹோகனி பார்க்க நாளை மரக்காலைக்குப் போகிறேன், வார்னிஷையும் விட்டுவிட்டேன். தீராந்தி உடலாகவே இருக்கும், அண்ணா, பாரமானாலும் தோளில் சுமப்பேன்.

தச்சன்தோப்பு எழுதியது:
அப்படியென்றால் பள்ளத்தைப் பிக்கப்புக்கு இரு பக்கமும் குடையுங்கள், நடுவில் திண்மமாக விடுங்கள். சீவுளி வைக்குமுன் காந்தம் பிடித்துப் பழைய ஆணிகளையும் தேடிப் பிடுங்குங்கள்.