கொய்யா மாதிரிக் காய், கிளையெல்லாம் முள்: இது என்ன மரம்?

கேள்வி:
வணக்கம். சிறுமலை அடிவாரத்தில் போன மாதம் கொஞ்சம் மானாவாரி நிலம் வாங்கினோம். வேலியோரம் இரண்டு ஆள் உயரத்தில் ஒரு மரம் நிற்கிறது. காயைப் பார்த்தால் கொய்யாப் பிஞ்சு போலவே இருக்கிறது, சிலது மஞ்சளாகப் பழுத்திருக்கிறது. ஆனால் கிளையெல்லாம் நீள நீளமான முள். ஆடு மேய்க்க வரும் ஐயா ஒருவர் "காரை" என்று சொல்லிவிட்டுப் போனார். காரைப்பழம் சின்ன வயதில் நிறையத் தின்றிருக்கிறேன் என்கிறார் என் வீட்டுக்காரர். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்:
களாவாக இருக்குமோ? முள் என்றதும் அதுதான் தோன்றியது.

பதில்:
களா என்றால் காய் பழுத்துக் கறுத்துவிடும், காம்பைக் கிள்ளினால் பாலும் வரும். அம்மா, தெரியும் வரை பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். காரை என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் இருக்கின்றன. ஒரு காயைப் பறித்து நுனியைப் பாருங்கள். பிறகு குறுக்கே அறுத்து விதையைப் பாருங்கள். பால் வருகிறதா, முள் எப்படி நிற்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன். பால் இல்லை. முள் நேராக, எதிரும் புதிருமாக ஜோடி ஜோடியாக இருக்கிறது. இலைகள் முள்ளை ஒட்டிக் கொத்தாக இருக்கின்றன. காய் எலுமிச்சையைவிடச் சிறியது. நுனியில் கொய்யாவுக்கு இருப்பது போல ஒரு கிரீடம். உள்ளே சதையில் நிறைய விதைகள் ஒட்டிக் கிடக்கின்றன.

பதில்:
அப்படியானால் இது மருக்காரை. மதுக்காரை என்றும் சொல்வார்கள். உங்கள் வீட்டுக்காரர் தின்ற காரையில் பழம் இதைவிடச் சிறியது, உள்ளே இரண்டே விதை, நுனியில் இந்தக் கிரீடம் இருக்காது. முள்ளையும் இலையையும் மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஏனென்றால் இரண்டுமே காப்பிச்செடிக் குடும்பம். அந்த ஐயா சொன்னதும் தப்பில்லை, முன்னொட்டை விட்டுவிட்டார், அவ்வளவுதான். கொய்யாவுக்கோ முள்ளே கிடையாது.

இதைத் தின்னக் கொடுக்காதீர்கள். ஆயுர்வேதத்தில் மதனபலம் என்று வாந்தி எடுக்க வைக்கக் கொடுப்பது இந்தக் காயைத்தான். சப்போனின் என்ற, சோப்பு போல நுரைக்கும் பொருள் இதில் நிறைய உண்டு. காயை இடித்துக் குட்டையில் போட்டு, மயங்கி மிதக்கும் மீனைப் பிடிக்கும் வழக்கமும் இருந்தது.

கேட்டவர்:
படித்ததும் பகீரென்றது. சின்னவன் நேற்றுக் காலை ஒன்றைக் கடித்துத் துப்பினானாம், பெரியவள் இப்போதுதான் சொல்கிறாள். வாந்தி, வயிற்றுவலி எதுவும் இல்லை, விளையாடிக்கொண்டிருக்கிறான்.

பதில்:
ஒரு நாள் கடந்து நன்றாக இருக்கிறான் என்றால் பதற வேண்டாம். இருந்தாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், போகும்போது காயையும் இலையையும் எடுத்துப் போங்கள். இனி யாராவது விழுங்கிவிட்டால் நீங்களாக உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேட்டவர்:
இப்போதே கிளம்புகிறோம். மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் இவர்.

பதில்:
வெட்ட வேண்டாம் அம்மா. இந்த முள்ளுக்காகவே இதை உயிர்வேலியாக வைப்பார்கள். கோடையில் வெள்ளையாகப் பூத்து, பிறகு மஞ்சளாக மாறும், நல்ல வாசனை. எட்டுகிற உயரத்தில் உள்ள காய்களைப் பறித்துப் புதைத்துவிடுங்கள். பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிப்போய் அந்தக் கிரீடத்தைக் காட்டி, பெயரையும் சொல்லிக்கொடுங்கள். விளையாட வேறு நிழல் பார்த்துக்கொள்ளலாம்.

கேட்டவர்:
மருத்துவர் பார்த்துவிட்டார், பயமில்லை என்றார். கைக்கு எட்டிய காயெல்லாம் பறித்தாயிற்று. மரம் நிற்கட்டும்.