குவைத், நார்வே: எண்ணெய்ப் பணம் புரளும் இரண்டு நாடுகளில் நான் பார்த்த மனிதர்கள்

குவைத்தையும் நார்வேயையும் ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் முடிக்கிறார்கள். நார்வேக்காரன் கெட்டிக்காரன், எண்ணெய்ப் பணத்தைச் சேர்த்து வைத்தான், அரபிக்காரன் ஊதாரி, தின்று தீர்க்கிறான் என்று. இரண்டு நாட்டிலும் வெல்டிங் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தவன் நான். இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. முதலில் அது உண்மையே இல்லை. எண்ணெய் வருமானத்தை வெளிநாட்டில் முதலீடு செய்ய குவைத் 1953லேயே ஒரு வாரியம் அமைத்துவிட்டது, அந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்ததே 1961ல்தான். 1976ல் வருங்காலத் தலைமுறைக்கென்று தனி நிதி ஒன்றையும் தொடங்கினார்கள். நார்வேக்கு வட கடலில் எக்கோஃபிஸ்க் என்ற இடத்தில் எண்ணெய் கிடைத்தது 1969ல், அவர்களுடைய நிதிக்குச் சட்டம் வந்தது 1990ல், முதல் பணம் போட்டது 1996ல். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நார்வேயின் எண்ணெய் நிர்வாகத்தைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமான ஒருவர் ஃபாரூக் அல்-காசிம், குவைத் எல்லைக்குப் பக்கத்து ஊரான பாஸ்ராவைச் சேர்ந்த இராக்கியப் புவியியலாளர். மகனின் வைத்தியத்துக்காக 1968ல் நார்வே வந்தவர். ஆக, அரபிக்காரனுக்கு முன்யோசனை கிடையாது என்ற பேச்சை அத்தோடு விட்டுவிடலாம்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? என்னைக் கேட்டால், அடிமட்டத்தில் வேலை செய்கிறவன் "இது முடியாது" என்று வாய் திறந்தால் அடுத்து என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது.

குவைத்தில் நான் இருந்தது மஹபூலாவில். தெற்கே இருக்கிற ரிஃபைனரிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் அங்கேயும் மங்காஃபிலும் ஃபஹாஹீலிலும்தான் தங்குவார்கள். நான் ஸ்டாஃப் என்பதால் அறையில் கூட்டம் குறைவு. ஹெல்ப்பர்கள் அறையில் கட்டிலுக்கு மேல் கட்டில், சுவரெல்லாம் ஆணியடித்துத் தொங்கும் பைகள், ஏசி மட்டும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். விடிவதற்கு முன்பே பஸ். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணிவரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று அரசாங்க உத்தரவு உண்டு, பெரும்பாலும் அதை மதித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த நாட்டு வெயிலுக்குக் கடிகாரம் தெரியாது. 2016ல் மித்ரிபாவில் 53.9 டிகிரி பதிவான ஊர் அது. காலை ஒன்பதுக்கே பைப்பில் கை வைக்க முடியாது.

ஒரு ஷட்டவுன் வேலையில், அதாவது ரிஃபைனரியை நிறுத்திவிட்டுச் செய்யும் பராமரிப்பு வேலையில், சாரத்தின் மேல் ஏறி ஒரு ஜாயின்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கிரைண்டர் பிடித்திருந்த பீகார் பையன் திடீரென்று சாரத்துக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். முகத்தில் வியர்வையே இல்லை, உதடு வெளுத்திருந்தது. இறக்கிக்கொண்டு வந்து நிழலில் படுக்க வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். காலையிலிருந்தே தலை சுற்றியிருக்கிறது, சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது அவன் பதில் சொல்லாமல் ஃபோர்மேனைப் பார்த்தான். ஃபோர்மேன் திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. கெட்ட மனிதர் கிடையாது, அன்றைக்கு அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடியவரும் அவர்தான். "தம்பி, இவன் உட்கார்ந்தா ஓவர்டைம் போகும், நாலு தடவை உட்கார்ந்தா விசாவே போகும், அவனுக்கு அது தெரியாதா?" என்றார். இகாமா என்கிற குடியிருப்பு அனுமதி கம்பெனி கையில், கம்பெனி நினைத்தால் ஊருக்கு டிக்கெட். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைக்கக்கூடாது என்று அந்த நாட்டிலேயே விதி இருக்கிறது, ஆனால் எங்கள் கேம்பில் கையில் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதை வைத்துக் குவைத்திகளைக் கல்நெஞ்சர்கள் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. நான் வாழ்க்கையில் பார்த்த தாராளமான மனிதர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். எங்கள் கிளையன்ட் பக்கத்து எஞ்சினியர் ஒருவர், இளைஞர், எங்கள் வெல்டர் ஒருவருடைய அம்மா ஊரில் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் யாரிடமும் சொல்லாமல் தன் பணத்தில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். ரமலான் மாதத்தில் மசூதிப் பக்கத்துப் பந்தல்களில் உட்காரும் யாரையும் நீ யார், என்ன மதம் என்று கேட்கமாட்டார்கள், தட்டு நிறைய மஜ்பூஸ், அந்த ஊர் இறைச்சிச் சோறு, வந்துவிடும். முபாரக்கியா சந்தையில் பேரீச்சை விற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் சரளமாக இந்தியில் பேசினார். அவருடைய அப்பா பாய்மரக் கப்பலில் பம்பாய்க்கும் கோழிக்கோட்டுக்கும் போய் வந்தவராம். கப்பல் கட்டத் தேக்கு மலபாரிலிருந்துதான் வந்தது, 1961 வரை அந்த நாட்டில் ரூபாய்தான் செல்லும், உங்கள் காசில் வளர்ந்த வீடு எங்களுடையது என்று சொல்லிவிட்டு அரை கிலோவுக்கு மேலேயே அள்ளிப் போட்டார்.

பணம் என்று பார்த்தால் எனக்குக் குவைத்தில்தான் மிச்சம் பிடிக்க முடிந்தது. வருமான வரி கிடையாது, ஒரு தினாருக்கு 250 ரூபாய்க்கு மேல். தங்கை கல்யாணமும் ஊரில் வீடும் அந்தப் பணத்தில் நடந்தவை. ஆனால் குடும்ப விசாவுக்குச் சம்பள வரம்பு வைத்திருக்கிறார்கள், அது எனக்கு எட்டவில்லை. மனைவி போனில்தான் இருந்தாள். வாழ்க்கைத்தரம் என்று பட்டியல் போடுகிறவர்கள் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் நார்வே, ஸ்டவாங்கர். எண்ணெய்க் கம்பெனிகளின் ஊர், வருஷம் பூராவும் மழை. போன புதிதில் யார்டில் ஒரு பெரிய மாட்யூலைக் கிரேனில் தூக்கத் தயாராக இருந்தார்கள். மேனேஜர், கிரேன் ஆபரேட்டர் என்று எல்லோரும் நிற்கிறார்கள். பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பையன், பதினெட்டு பத்தொன்பது வயது இருக்கும், கையைத் தூக்கினான். தூக்குக் கயிற்றை மாட்டும் ஒரு ஷேக்கிளின் (இரும்புக் கொக்கி வளையம்) பின் சரியாக உட்காரவில்லை போலத் தெரிகிறது என்றான். வேலை நின்றது. போய்ப் பார்த்தார்கள், பின் சரியாகத்தான் இருந்தது. எனக்குத் திக்கென்றது, பையன் தொலைந்தான் என்று நினைத்தேன். மேனேஜர் அவன் தோளில் தட்டி நன்றி சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும் இன்னொரு தடவை முழுசாகச் சரிபார்க்கச் சொன்னார். ஒரு மணி நேரம் போயிற்று, யாரும் முகம் சுளிக்கவில்லை. தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் பாதுகாப்புப் பிரதிநிதி ஆபத்து என்று நினைத்தால் வேலையை நிறுத்தலாம் என்று 1977லேயே சட்டம் கொண்டு வந்துவிட்டார்கள், அந்தப் பழக்கம் கடைசிப் பையன் வரைக்கும் இறங்கியிருக்கிறது.

இது அவர்கள் ரத்தத்தில் ஊறிய குணம் என்று நினைக்கிறவர்கள் ஸ்டவாங்கர் எண்ணெய் அருங்காட்சியகத்துக்குப் போய் அலெக்சாண்டர் கீலாண்ட் மேடையின் உடைந்த குழாய்த் துண்டைப் பார்க்க வேண்டும். 1980 மார்ச் 27ஆம் தேதி மாலை, வட கடலில் எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்கியிருந்த அந்த மிதக்கும் மேடை கவிழ்ந்து, அதில் இருந்த 212 பேரில் 123 பேர் செத்துப்போனார்கள். விரிசல் எங்கே ஆரம்பித்தது தெரியுமா? ஹைட்ரோஃபோன் (தண்ணீருக்கடியில் ஒலி கேட்கும் கருவி) பொருத்துவதற்காக வைத்த ஒரு சின்னத் தகட்டைச் சுற்றி மூலையில் போட்ட 6 மில்லிமீட்டர் ஃபில்லெட் வெல்டில். பாரம் தாங்க வேண்டியில்லாத இடம் என்று யாரும் பெரிதாக மதிக்காத வெல்ட். என் தொழிலுக்கு அதைவிடப் பெரிய பாடம் இல்லை, அந்த இரும்பின் முன்னால் எனக்குக் கால் நகரவில்லை. அதற்குப் பிறகு விதிகளை இன்னும் இறுக்கினார்கள். ஆரம்ப காலத்தில் வட கடலில் வேலை செய்த டைவர்களுக்கு ஆபத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று 2013ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே நார்வேக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. செத்தவர்களுக்காகச் சங்கமும் குடும்பங்களும் விடாமல் சண்டை போட்டதால் வந்த ஒழுங்கு இது. குவைத்தில் செத்தவனின் குடும்பம் சிவகங்கையிலோ பீகாரின் சிவானிலோ இருக்கிறது. அவர்களால் எங்கே போய்ச் சண்டை போட முடியும்?

நார்வேயில் பழகிக்கொள்ளச் சிரமப்பட்டதும் உண்டு. அங்கே எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், சார் கிடையாது. எங்கள் டிபார்ட்மென்ட் தலைவர் மத்தியானம் பதினொன்றரைக்கு டப்பாவைத் திறந்து, எண்ணெய்க் காகிதம் வைத்துப் பிரித்த நாலு ரொட்டித் துண்டும் பழுப்புச் சீஸும் தின்றுவிட்டு, காபிக் கோப்பையைத் தானே கழுவி வைப்பார். மூன்றரைக்குக் குழந்தையைக் கூட்டிவர எழுந்து போவார், யாரும் எதுவும் கேட்பதில்லை. அப்பாக்களுக்கென்று தனி விடுப்பை 1993லேயே கொண்டு வந்த நாடு. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரிக்குப் போகும்போது வயிறு எரிந்தது உண்மைதான், மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு அந்த எரிச்சல் அடங்கிவிட்டது.

ஆனால் தனிமை கொல்லும். எதிர்வீட்டுக்காரர் மாதக்கணக்கில் தலையை ஆட்டியதோடு சரி. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். குவைத்தில் காய்ச்சல் என்றால் பக்கத்து அறை மலையாளி கஞ்சியோடு வந்து நிற்பார். இங்கே கதவைத் தட்ட ஆள் இல்லை. வசந்த காலத்தில் டுக்னாட் என்று ஒரு நாள் வைப்பார்கள், குடியிருப்பில் எல்லோரும் சேர்ந்து இலை கூட்டுவது, வேலிக்கு வர்ணம் அடிப்பது. அன்றைக்குத்தான் எதிர்வீட்டுக்காரர் வாளியும் பிரஷ்ஷும் கையில் வைத்துக்கொண்டு அரை நாள் என்னோடு பேசினார். கையில் ஒரு வேலை இருந்தால் அவர்களுக்குப் பேச்சு வருகிறது. அதைப் புரிந்துகொண்ட பிறகு எங்களுக்கு நண்பர்கள் கிடைத்தார்கள்.

அங்கே ஒரு பொங்கல் விழாவில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். "தம்பி எவடம்?" என்று ஆரம்பித்தவர் தன் கதையைச் சொன்னார். எண்பதுகளில் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை, கை விறைக்க விறைக்க மீன் வெட்டுவதாம், குளிர்காலத்தில் சூரியனே கிடையாது. "நாங்கள் வரேக்க எங்களோட ஒருத்தரும் கதைக்கேல்லை, ஆனா யூனியனில சேர்த்துப்போட்டினம், அதே சம்பளம் தந்தவை" என்றார். அவருடைய பிள்ளைகள் அங்கேயே படித்து அங்கேயே வேலைக்குப் போய்விட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து சின்னக் குழந்தையாக வந்த கம்சாயினி குணரத்தினம் 2015ல் ஆஸ்லோவின் துணை மேயர், 2021ல் நாடாளுமன்ற உறுப்பினர். குவைத்தில் பிறந்து வளர்ந்து, குவைத்தி அரபியை நம்மைவிட அழகாகப் பேசும் இந்தியப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அப்பாவுக்கு வேலை போனால் அவர்கள் மொத்தக் குடும்பமும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே இருக்கிற தூரம், சராசரி வருமானத்தைப் பார்த்தால் தெரியாது.

ஐடிஐ முடித்த தம்பிகள் எந்த நாடு நல்லது என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நார்வே உங்களுக்குச் சுலபத்தில் கதவு திறக்காது, மொழியும் சான்றிதழும் கேட்பார்கள். குவைத்துக்குத்தான் அதிகம் பேர் போவீர்கள், போவதில் தப்பே இல்லை. ஆனால் 2024 ஜூன் 12ஆம் தேதி மங்காஃபில் நடந்த தீ விபத்தை மறக்காதீர்கள். தொழிலாளர்களை அடைத்துத் தங்க வைத்த கட்டடம், ஏறக்குறைய 50 பேர் போனார்கள், பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறி. அதில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அதனால் ஏஜென்டிடம் சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தக் கட்டடம், ஒரு அறையில் எத்தனை பேர், பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும், உடம்புக்கு முடியாத நாளுக்குச் சம்பளம் உண்டா, இதையெல்லாம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், ஒப்பந்தத்தின் ஒரு நகலை வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.