எல்லாவற்றையும் கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

அட்டைப்பெட்டி:
பரணைச் சுத்தம் செய்தபோது 1999-ல் வந்த போகிமான் கார்டுகள் ஒரு கட்டு, கொஞ்சம் பழைய மார்வெல் காமிக்ஸ், சீல் பிரிக்காத நின்டெண்டோ 64 கேம் ஒன்று கிடைத்தன. எல்லாவற்றையும் கிரேடிங்குக்கு, அதாவது நிலையைப் பார்த்து மதிப்பெண் போட்டுத் தரும் கம்பெனிக்கு, அனுப்பு, விலை எங்கேயோ போய்விடும் என்கிறான் நண்பன். கட்டணப் பட்டியலைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. என்ன செய்யலாம்?

மூலைமடிப்பு:
கட்டோடு அனுப்பினால் லாபம் கிரேடிங் கம்பெனிக்குத்தான். கார்டு கிரேடிங் கம்பெனியான பிஎஸ்ஏ தரும் உச்ச மதிப்பெண் 10-க்கும் 9-க்கும் விலையில் பெரிய இடைவெளி இருக்கும், பல கார்டுகளில் 9 வந்தால் கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் போக, கிரேடிங் இல்லாமலே விற்றிருந்தால் கிடைக்கும் காசுதான் மிஞ்சும். அதனால் முதலில் நீங்களே சலித்தெடுங்கள். மேசை விளக்கின் கீழ் கார்டைச் சாய்த்துப் பிடித்தால் ஃபாயில் படத்தில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். பின்பக்க நீல ஓரத்தில், முக்கியமாக மூலைகளில், பொடிப்பொடியாக வெள்ளை தெரிந்தால் 10-ஐ மறந்துவிடலாம். முன்பக்க மஞ்சள் பார்டர் நாலா பக்கமும் ஒரே அகலமா என்றும் பாருங்கள். படத்துக்கு இடது கீழே முதல் பதிப்பு முத்திரை இருந்தால் மட்டும் கணக்கே வேறு, சுமாரான கார்டையும் அனுப்பலாம். அப்புறம் பாப் ரிப்போர்ட்டை, அதாவது எந்தக் கார்டுக்கு எந்த மதிப்பெண் எத்தனை முறை கொடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியலை, பார்க்காமல் எதையும் அனுப்பாதீர்கள், ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் 10 இருக்கும் கார்டுக்கு இன்னொரு 10 எதற்கு?

கேட்ரிட்ஜ்:
கேம் விஷயத்தில் நண்பர் பேச்சைக் கேட்காதீர்கள். 2021 ஜூலையில் சூப்பர் மாரியோ 64 ஒன்று, கேம் கிரேடிங் கம்பெனியான வாட்டாவிடம் 9.8 மதிப்பெண்ணும் சீலுக்கு ஏ++-உம் வாங்கியது, ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது உண்மை. ஆனால் அந்த கேம் அபூர்வமே இல்லை, லட்சக்கணக்கில் விற்றது, விலை ஏறியது அந்த எண்ணுக்கும் சீலுக்கும்தான். சந்தையை ஊதிப் பெருக்கினார்கள் என்று குற்றம் சாட்டி 2022-ல் வாட்டா மீது வழக்கே போட்டார்கள், விலையும் பிறகு நன்றாக இறங்கிவிட்டது. முதலில் சீல் கம்பெனி போட்டதா, கடையில் பின்னாளில் சுற்றியதா என்று பாருங்கள்.

நாற்பதுபக்கம்:
காமிக்ஸில் முதுகுப் பக்கம்தான் உயிர். ஸ்டேப்பிள் பக்கத்தில் நிறம் உடைந்து வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் எதுவும் செய்ய முடியாது. நிறம் உடையாத மடிப்பு என்றால் ப்ரெஸ்ஸிங் செய்தால், அதாவது சூடாக அழுத்தித் தட்டையாக்கினால், ஓரளவு சரியாகும், அதைக் காமிக்ஸ் கிரேடிங் கம்பெனியான சிஜிசி செயற்கைச் சீரமைப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் யாராவது பேனாவால் நிறம் தீட்டியிருந்தால் சீரமைத்தது என்று காட்டும் ஊதா லேபிள் வரும், விலை படுத்துவிடும். சாதாரண இதழ்களை விடுங்கள், முக்கியக் கதாபாத்திரம் முதலில் வந்த இதழ் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

மூலைமடிப்பு:
ஸ்லாபுக்குள், அதாவது கிரேடிங் கம்பெனி மூடித்தரும் பிளாஸ்டிக் பெட்டிக்குள், போய்விட்டால் சந்தேகமே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒன்று. 1991-ல் பிஎஸ்ஏ முதன்முதலாகக் கிரேடிங் செய்த பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டுக்கு 8 கொடுத்தார்கள். நன்றாகத் தெரிவதற்காக அதன் ஓரத்தை வெட்டியதாக, அதை முன்பு வைத்திருந்த வியாபாரியே 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

அட்டைப்பெட்டி:
சலித்ததில் நாலு கார்டுதான் தேறுகிறது, முத்திரை எதிலும் இல்லை. டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறையில் வைத்து அனுப்பலாமா?

மூலைமடிப்பு:
வேண்டாம், வெளியே எடுக்கும்போது மூலை அடிபடும். மெல்லிய ஸ்லீவ், அதற்கு மேல் வளையக்கூடிய கார்டு சேவர் உறை. போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.