அண்ணனின் காது மந்தமானபோது

மாற்றத்தை ஏற்பது மனம் ஒரு நாளில் எடுக்கும் முடிவு என்றே பலரும் சொல்கிறோம். என் அண்ணனுக்குக் காது மந்தமான காலத்தை உடனிருந்து பார்த்த எனக்கு, அது முடிவைவிடப் பழக்கத்தையே சார்ந்தது என்று தோன்றுகிறது.

அறுபது வயதைத் தாண்டியபின், "இப்போதெல்லாம் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை, எல்லோரும் முணுமுணுக்கிறீர்கள்" என்று அவர் அடிக்கடி கடிந்துகொள்வார். அவர் வேண்டுமென்றே அப்படிச் சொல்லவில்லை. முதுமையில் பெரும்பாலும் உயர் அதிர்வெண் ஒலிகளே, அதாவது கீச்சென்ற மெல்லிய ஒலிகளே, முதலில் மங்குகின்றன. உயிரொலிகள் ஓரளவு கேட்டாலும் 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் நழுவிவிடுவதால், குரல் காதில் விழுந்தும் சொல் பிடிபடாமல் போகிறது. ஒலியை உணரும் உட்செவியின் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் இந்த இழப்பு மெல்ல மெல்ல நேர்வதால், தம்மிடம் நிகழ்ந்த மாற்றம் அவருக்குப் பிறருடைய குறையாகவே தெரிந்தது.

உறவினர் ஒருவர், துயரத்தின் ஐந்து நிலைகளில் அண்ணன் முதலாவதான மறுப்பில் இருக்கிறார் என்று விளக்கினார். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அந்த நிலைகளை முன்வைத்தது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதன் அடிப்படையில். அதைக் கண்ட இடமெல்லாம் பொருத்திப் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. அண்ணனை அசைத்தது எந்த விளக்கமும் அன்று, செவிப் பரிசோதனையில் கிடைத்த வரைபடம்தான். அதில் கேட்கும் திறனைக் காட்டும் கோடு, உயர் அதிர்வெண் ஒலிகளுக்கான வலப்பக்கம் செல்லச்செல்லக் கீழே சரிந்திருந்ததை நெடுநேரம் பார்த்தவர், அன்று யாரிடமும் வாதாடவில்லை.

செவித்துணைக் கருவி வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. குழாய் நீரின் சத்தமும் செய்தித்தாளைப் புரட்டும் சரசரப்பும் அவருக்குத் தாங்க முடியாதவையாக இருந்தன. உடனே கழற்றிப் பெட்டியில் வைத்தவர், விருந்தினர் வந்தால் மட்டும் மாட்டிக்கொள்வதாகச் சொன்னார். செவித்திறன் நிபுணரோ, கூட்டத்தில் தொடங்குவதே தவறு என்றும், நெடுநாள் கேளாதிருந்த ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரங்களாவது ஆகும் என்றும், அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும் பேசி, அணியும் நேரத்தை நாளுக்குநாள் கூட்ட வேண்டும் என்றும் எடுத்துச்சொன்னார். அதன்பின் தினமும் காலையில் அண்ணி எதிரில் அமர்ந்து செய்திகளை வாசிக்க, அவர் கேட்டதைத் திருப்பிச் சொல்வார். இடையிடையே இருவருக்கும் சண்டையும் வரும். இன்று கண்ணாடியை எடுக்கும் கையோடு கருவியையும் எடுத்து மாட்டிக்கொள்கிறார். ஆனாலும் கூட்டத்தில் பேச்சு இன்னும் குழம்புகிறது, பாட்டும் முன்போல் இனிக்கவில்லை என்கிறார். அவர் சொல்வது உண்மைதான். ஏற்றுக்கொண்டவர் இழந்ததை இழப்பென்று சொல்லக்கூடாது என்று ஒன்றும் இல்லை.

பணி ஓய்வுக்குப்பின், "முன்போல் யாரும் என்னை அழைப்பதில்லை" என்று நான் குறைபட்டபோது, அண்ணன் சிரித்துக்கொண்டே, "எல்லோரும் முணுமுணுக்கிறார்களோ?" என்று கேட்டார். அலுவல் நின்றதும் அலுவல் சார்ந்த அழைப்புகளும் நிற்பது இயல்பே. அதன்பின் பேச விரும்பியவர்களை நானே அழைக்கத் தொடங்கினேன். சிலர் நெடுநேரம் பேசினார்கள், சிலர் இதுவரை திரும்ப அழைக்கவில்லை.