மெத்தடோன் சிகிச்சை: மீட்பா, மீட்சியா? சில கலைச்சொற்கள் குறித்து

நண்பர்களுக்கு வணக்கம்.

ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளின் (அபின் வகை மருந்துகளின்) பழக்கத்துக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் மருந்து மெத்தடோன். அதற்கான நம் கையேட்டின் சொற்பட்டியலில் ‘மாற்று மருந்து சிகிச்சை’, ‘பராமரிப்பு சிகிச்சை’, ‘போதை மீட்பு’ ஆகிய மூன்றும் இன்னும் முடிவாகாமல் இருக்கின்றன. புழக்கத்தில் இருப்பதை ஏன் கலைக்க வேண்டும் என்று முந்தைய மடல்களில் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் மூன்றையும் மாற்ற வேண்டும் என்றே நினைக்கிறேன். இந்தச் சொற்கள் மருந்துச்சீட்டோடு நிற்பதில்லை. நோயாளியின் வீட்டுக்குள்ளும் போய், அவரை எடைபோட்டுவிடுகின்றன.

முதலில் ‘மாற்று மருந்து’. மாற்று மருத்துவம் என்று நாம் வேறொன்றைச் சொல்கிறோம். சிலருக்கு மாற்று மருந்து என்றால் நஞ்சுமுறி. மெத்தடோன் இரண்டுமே இல்லை. ஓபியாய்டு மிகையாகி மூச்சு நிற்கப்போகும்போது முறிவாகக் கொடுப்பது நலாக்சோன். இதைவிடப் பெரிய சிக்கல், குடும்பத்தார் இந்தச் சொல்லை ‘ஒரு போதைக்கு மாற்றாக இன்னொரு போதை’ என்று படிப்பது.

அது சரியல்ல என்பதை மருந்தின் வேலையே காட்டும். ஹெராயின் ஊசி சட்டென்று ஏறி, சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அப்புறம் கொட்டாவி, மூக்கொழுகல், எலும்பு வலி, வயிற்றுப்போக்கு. அடுத்ததைத் தேடி ஓட வேண்டும். ஒரே நாளில் இது பல தடவை. வாய்வழி குடிக்கும் மெத்தடோன் மெதுவாக ஏறும். இரத்தத்தில் அது பாதியாகக் குறையவே பலருக்கு ஒரு நாள், ஒன்றரை நாள்கூட ஆகும். அதனால்தான் நாளுக்கு ஒரு வேளை போதுகிறது. அளவு சரியாக அமைந்தவருக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நியூயார்க்கில் 1960களில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் ஹெராயின் பழக்கம் உள்ளவர்களுக்கு முதலில் மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளுக்கு அடுத்த ஊசியைத் தவிர வேறு நினைப்பே இல்லை. மெத்தடோனுக்கு மாற்றியதும் ஒருவர் ஓவியம் வரையத் தொடங்கினார், இன்னொருவர் விட்ட படிப்பைத் தொடர வேண்டும் என்று கேட்டார். 1965இல் 22 பேரைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தச் சிகிச்சை பரவியது.

அடுத்தது ‘பராமரிப்பு’. இதை நானே ஒரு வரைவில் எழுதியிருந்தேன். சிகிச்சையில் இருக்கும் ஒருவருக்கு அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். தினமும் காலையில் செவிலியர் முன் நின்று, சிறு குவளையில் அளந்து ஊற்றியதைக் குடித்து, மேலே கொஞ்சம் தண்ணீர் குடித்து, விழுங்கியது தெரிய இரண்டு வார்த்தை பேசிவிட்டு வேலைக்குப் போகிறவர். “பராமரிப்பா? வண்டிக்குப் பண்ணுவார்களே, அதுவா?” என்று கேட்டார். அன்றே அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

‘நிலைநிறுத்து சிகிச்சை’ என்று இந்த இழையில் ஒரு முன்மொழிவு வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஓரிடத்தில் இடிக்கும். மெத்தடோனைப் பெரும்பாலும் 20, 30 மில்லிகிராமில்தான் தொடங்குகிறார்கள். நேற்றுக் குடித்தது உடம்பில் மிச்சம் இருக்கும்போதே இன்றையது சேர்வதால், அவசரப்பட்டு ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. படிப்படியாக ஏற்றிச் சரியான அளவைக் கண்டுபிடிக்கும் அந்த வாரங்களுக்கு ‘நிலைப்படுத்தல்’ என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அதன்பின், பலருக்கு 60 முதல் 120 மில்லிகிராமில், மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் நீள்வதற்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். என் பரிந்துரை தொடர்மருந்துச் சிகிச்சை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தினமும் மாத்திரை போடுகிறவருக்கு விளக்கமே தேவைப்படாத சொல் இது. ‘மாற்று மருந்து சிகிச்சை’ வரும் இடங்களிலும் இதையே போட்டுவிடலாம்.

மூன்றாவதில்தான் எனக்குப் பிடிவாதம் அதிகம். ‘மீட்பு’ என்றால் மீட்பவர் ஒருவர் வேண்டும். கிணற்றில் விழுந்தவரை மீட்கிறோம், அடகு வைத்த நகையை மீட்கிறோம். இந்த நோயிலிருந்து வெளியே வருபவரோ தானே நடந்து வருகிறார். மருந்தும் மருத்துவரும் கூட வருகிறார்கள். மீட்டார்கள் என்பது பிறவினை, மீண்டார் என்பது தன்வினை. தமிழ் இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் கொடுத்திருக்கும்போது நாம் தவறான பக்கத்தை எடுக்கலாமா? மீட்சி என்றே வைப்போம். மெத்தடோன் குடித்துக்கொண்டே வேலைக்குப் போய், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவரும் மீட்சியில் இருப்பவர்தான். மருந்தையும் விட்டால்தான் மீட்சி என்று கையேட்டின் வரையறையில் ஒரு வரி இருக்கிறது, அதை நீக்கக் கோருகிறேன். சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவருக்கு உடம்பின் தாங்குதிறன் குறைந்துவிடும். அவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். அந்த ஒரு வரியை நம்பி யாராவது மருந்தை விட்டுவிடக்கூடும் என்பதே என் பயம்.

பழக்கம் தொடரும்போதும் அதனால் வரும் கேடுகளையாவது குறைப்பதைச் சொல்லும் ‘தீங்குக் குறைப்பு’ நன்றாகப் பழகிவிட்டது, அப்படியே இருக்கட்டும். ‘சேதக் குறைப்பு’ வேண்டாம்; சேதம் என்றால் பயிரும் சரக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தீங்குக் குறைப்பு ஒரு அத்தியாயம், மீட்சி அதற்கு எதிரான இன்னொரு அத்தியாயம் என்று பட்டியலைப் பிரித்திருப்பது பொருந்தவில்லை. ஆம்ஸ்டர்டாமில் 1984இல் பயன்படுத்திய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி தரும் ஏற்பாட்டைத் தொடங்கியதே போதைமருந்து பயன்படுத்துவோரின் சங்கம்தான். புது ஊசி வாங்க வருகிறவர்தான் ஒருநாள் மெத்தடோனைப் பற்றியும் விசாரிப்பார். இரண்டையும் ஒரே தலைப்பில் வைக்கலாம்.

சிறுநீர்ச் சோதனைக்குச் ‘சுத்தம்’, ‘அசுத்தம்’ வேண்டவே வேண்டாம். ‘ஓபியாய்டு தெரிந்தது’, ‘தெரியவில்லை’ போதும்.

விட்ட பழக்கம் திரும்புவதற்கு ‘மறுவீழ்ச்சி’ என்று பட்டியலில் இருக்கிறது. அதில் விழுந்துவிட்டார் என்ற தீர்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘மறுபயன்பாடு’ என்றால் பழைய பாட்டிலும் பையும் நினைவுக்கு வருகின்றன. ‘மீள்பழக்கம்’ என்றால் மீட்சியோடு குழம்பும். இதற்கு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.