டவுசர் எப்படி அரைக்கால் ஆனது?

சேலத்துக்காரன்:
எங்கள் அலுவலகத்தில் உடை பற்றி ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். ஆண்கள் 'ட்ரவுசர்' அணிந்து வர வேண்டுமாம், ஆங்கிலத்தில். ஓட்டுநர் அண்ணன் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "என்ன தம்பி, அரைக்காலோட வரச் சொல்றாங்களா?" என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் அது முழுக்கால். நம்மிடம் மட்டும் எப்படி முட்டிக்கு மேலே ஏறியது? நிஜார், பேண்ட் எல்லாம் எங்கிருந்து வந்தன?

மதுரை டெய்லர்:
மூன்று தலைமுறையாகத் தையல் கடை. தாத்தாவின் அளவு நோட்டில் 'நிஜார்' என்றுதான் இருக்கும். இடுப்பில் சுற்றும் துணிக்கு அரபியில் 'இஸார்'; அது உருது வழியாக நம்மிடம் வந்தது. அப்பாவின் நோட்டில் 'டவுசர்', முக்கால்வாசியும் பள்ளிக்கூடக் காக்கி. அன்றைக்குப் பெரியவர்களுக்கு வேட்டி, பையன்களுக்கு டவுசர். அதனால்தான் அந்தப் பேர் பையன்களோடு நின்றுவிட்டது என்பது அப்பாவின் கட்சி, என் கட்சியும் அதுதான். அப்புறம் முழுக்கால் தைக்க வந்தவர்கள் 'பேண்ட்' என்றே கேட்டார்கள். பெல்பாட்டம் காலத்துப் பக்கம் ஒன்றில் 'பாட்டம் 26' என்று எழுதியிருக்கிறார். இன்றைக்கு அந்த அகலத்தில் இரண்டு காலையும் வெட்டிவிடுவேன்!

யாழ்ப்பாணத்தவள்:
எங்கள் அம்மம்மாவுக்கு எல்லாமே 'களிசான்'. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆட்சி போனது, களிசான் போகவில்லை. சிங்களத்திலும் 'கலிசம'தான். வேடிக்கை என்னவென்றால், போர்த்துக்கேய மொழியில் அந்தச் சொல் முட்டியோடு நிற்கும் உடைக்கு. அம்மம்மாவோ அப்பப்பாவின் நீளக் கால்சட்டையையும் களிசான் என்றே சொல்லித் தோய்ப்பா. உங்கள் டவுசர் ஏறியது, எங்கள் களிசான் இறங்கியது.

ஈப்போ தம்பி:
மலேசியாவில் நாங்கள் 'சிலுவார்' என்போம். மலாயில் 'செலுவார்'. மூலம் பாரசீகத்து 'ஷல்வார்'. அக்காவின் சல்வாரும் என் சிலுவாரும் ஒரே சொல் என்று தெரிந்த நாளில் வீட்டில் என்னைப் படுத்தி எடுத்துவிட்டார்கள்.

லண்டன்வாசி:
பேண்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. வெனிஸ் நகரத்துப் பழைய நகைச்சுவை நாடகங்களில் பந்தலோனே என்று ஒரு கஞ்சக் கிழவன் வருவான், காலோடு ஒட்டிய உடையில். அவன் பேரிலிருந்து பிரெஞ்சில் 'பந்தலோன்', ஆங்கிலத்தில் 'பேண்டலூன்ஸ்'. அமெரிக்கர்கள் அதை வெட்டி 'பேண்ட்ஸ்' ஆக்கினார்கள். இங்கே பிரிட்டனில் அதற்கு உள்ளாடை என்று பொருள். வந்த புதிதில் ஒரு கடையில் "ஆபீசுக்குக் கறுப்பு பேண்ட்ஸ் வேண்டும்" என்றேன். அந்தப் பெண் சிரிக்காமல் ஜட்டி அடுக்கியிருந்த பக்கம் கையைக் காட்டினாள்.

சேலத்துக்காரன்:
எல்லாவற்றையும் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். சுற்றறிக்கையையும் தமிழில் 'முழுக்கால் சட்டை' என்று மாற்றி ஒட்டிவிட்டார்கள். அண்ணன் இப்போது கேட்கிறார்: "முழுக்கை சட்டை தெரியும் தம்பி, இது என்ன?"