அரசு மனநலச் சேவையில் ஆலோசகருக்கு என்ன இடம்?

கேள்வி (ஏற்காடு)

அனைவருக்கும் வணக்கம். ஆலோசனை உளவியலில் முதுகலை முடித்து, காப்பித் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஒரு தொண்டு அமைப்பின் சார்பில் இரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். குடியால் சிதைந்த குடும்பங்கள், பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனம் சோர்ந்த தாய்மார், படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எனப் பலர் மருந்து தேவைப்படும் நிலைக்கு முன்பே பேச வருகிறார்கள். நிலைமை முற்றியவர்களை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலம் அரசு மருத்துவமனைக்கு அனுப்புகிறேன். ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் பலர் போவதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் என்னைப் போன்றவர்களுக்குச் சட்டப்படி இடம் உண்டா?

பதில் 1 (சேலம், ஓய்வுபெற்ற மனநல சமூகப் பணியாளர்)

அம்மா, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல மருத்துவரைத் தவிர, மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநல சமூகப் பணியாளர் ஆகியோரை மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் ஆலோசகர் இல்லை. மருத்துவ உளவியலாளராக வேண்டுமானால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்ற படிப்பும் அதன் பதிவும் தேவை. உங்கள் முதுகலைப் பட்டம் மட்டும் அதற்குப் போதாது. ஆனால், 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் உளவியலாளர், நடத்தை நல ஆலோசகர், எச்.ஐ.வி. ஆலோசகர் ஆகியோர் இடம்பெற்றுள்ளனர். பதிவு பெற உங்களுக்கான கதவு அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆலோசகர் என்பவர் அரசுக்குப் புதியவர் அல்லர். நம் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஒருவரோடு உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஆலோசகர்கள் பல ஆண்டுகளாக இருக்கிறார்கள். உடல்நோய்க்கு அவசியம் என்று ஏற்றுக்கொண்ட அந்த நாற்காலியை, மலையில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநோய்க்கும் போட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பதில் 2 (வர்ஜீனியா, சொந்த ஊர் சேலம் அஸ்தம்பட்டி)

அமெரிக்காவில் ஆலோசகர்களுக்கு முதன்முதலில் உரிமம் வழங்கிய மாநிலம் நான் வாழும் வர்ஜீனியாதான்; ஆண்டு 1976. கடைசியாக 2009இல் கலிபோர்னியா சட்டம் இயற்றியது. முதுகலைப் பட்டத்துக்குப் பிறகும் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பணியாற்றித் தேர்வு எழுதினால்தான் உரிமம் கிடைக்கும். அப்படியிருந்தும், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கியது 2024 ஜனவரியில்தான். சட்டம் வந்தவுடன் பணியிடம் வந்துவிடாது, சகோதரி; பதிவோடு சேர்த்துப் பணியிடத்தையும் கேளுங்கள்.

பதில் 3 (ஏற்காடு, ஒரு தாய்)

எங்கள் ஊரில் கவுன்சிலர் என்றால் வார்டு உறுப்பினரைத்தான் நினைப்பார்கள். என் மகனுக்கு மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். கவுன்சிலிங் என்று பலகை மாட்டியிருந்த ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு, மாத்திரையே வேண்டாம், மனத்தைத் திடப்படுத்தினால் போதும் என்றார். நாங்கள் நம்பினோம், இரண்டே மாதத்தில் நோய் பழையபடி திரும்பியது. அவர் மேல் யாரிடம் புகார் சொல்வது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு மருத்துவமனையில் ஒரு பெண் எங்களை உட்கார வைத்து, மாத்திரையை ஏன் திடீரென நிறுத்தக் கூடாது என்று அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார். இருவரையும் மக்கள் ஒரே பெயரால்தான் அழைக்கிறார்கள். வித்தியாசம் தெரிய எங்களுக்கு ஒரு பதிவு எண்ணாவது வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அம்மா, மருந்தை மாற்றவோ நிறுத்தவோ எந்த ஆலோசகருக்கும் உரிமை இல்லை என்பதை நாளை முதல் ஒவ்வொரு வீட்டிலும் முதல் பேச்சாகவே சொல்லப் போகிறேன். மலையிறங்க முடியாத நாளில், இரவானாலும் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழைத்துத் தமிழில் பேசலாம். ஐயா, பதிவுக்கான வழிமுறையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியிடம் கேட்கும் மனுவையும் உங்களோடு உட்கார்ந்து எழுத விரும்புகிறேன். சேலத்தில் எப்போது சந்திக்கலாம்?